மறுமுறை ஆடுவது எதற்காக? 'வெண்பா' கணினி விளையாட்டை முன்வைத்து ஒரு திறனாய்வு

முடிவு தெரிந்த நாவலை ஒரு மாணவர் மறுபடி எடுத்துப் படித்தால், "என்ன, அடுத்த வாரம் சோதனையா?" என்று கேட்போம். அதே மாணவர் ஒரே கணினி விளையாட்டை நாற்பதாவது தடவையாக ஆடினால் காரணம் கேட்க மாட்டோம், திட்டுவதோடு சரி. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். ஏற்கெனவே தெரிந்த ஒன்றிடம் ஒருவர் திரும்பிப் போகிறார். ஏன் போகிறார், போன இடத்தில் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டுப் பார்த்தால், அந்தக் கேள்வி விளையாட்டோடு நிற்காது. சிறுகதை, நாவல், கவிதை எதை மதிப்பிடவும் உதவும்.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கிறது. அதன் பெயர் 'வெண்பா'. தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது, தமிழர் ஒருவரின் சிந்தனையில் உருவானது, வீட்டுக் கணினியில் ஆடக்கூடியது. அதை முதல்முறை ஆடியவர்கள் பலர் பாராட்டினார்கள். நான் கேட்க விரும்புவது அடுத்த கேள்வி: அதை இரண்டாம் முறை ஆடலாமா? ஆடினால் என்ன கிடைக்கும்?

விளையாட்டின் அமைப்பு

கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு இதை உருவாக்கியது. குழுவை வழிநடத்தியவர் அபி. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். 2023 ஜூலை 31 அன்று கணினிக்கும், நிண்டெண்டோ சுவிட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கருவிகளுக்கும் வெளியானது. 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும், பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதும் இதற்குக் கிடைத்தன.

கதை 1988இல் தொடங்குகிறது. வெண்பாவும் கணவர் பாவலனும் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்கு வந்தவர்கள். ஊரிலிருந்து வெண்பா கொண்டுவந்த பொருள்களில் ஒன்று அம்மாவின் சமையல் ஏடு. ஏடு பழசு, சில பக்கங்கள் கிழிந்திருக்கின்றன, சில வரிகள் அழிந்திருக்கின்றன. ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஓர் உணவைச் சமைக்க வேண்டும்: இட்லி, புட்டு, பிரியாணி என்று போகும். ஏட்டில் விடுபட்ட இடத்தை நாம் யோசித்து நிரப்ப வேண்டும். அதுதான் புதிர். சமையலுக்கு முன்னும் பின்னும் குடும்ப உரையாடல் எழுத்தாகத் திரையில் வரும். சில இடங்களில் என்ன பதில் சொல்வது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். மகன் கவின் பிறக்கிறான், வளர்கிறான், தமிழை விட்டு விலகுகிறான். மொத்தம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம்.

வெளியீட்டு விலை ஏறத்தாழ 15 அமெரிக்க டாலர். "ஒன்றரை மணி நேரத்துக்கு இவ்வளவா?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தமிழ் ஆசிரியர்களான நாம் அந்தக் கேள்வியைச் சற்று எச்சரிக்கையோடு அணுக வேண்டும். திருக்குறளைப் பார்த்து யாரும் "ஏழு சீர்தானே" என்று குறை சொல்வதில்லை. குறளும் ஒரு வெண்பாதான். நீளம் வேறு, மறுபடி திரும்பிப் போகத் தூண்டும் தன்மை வேறு.

மறுபடி ஆடத் தூண்டுவது எது?

எல்லா விளையாட்டும் ஒரே காரணத்துக்காக மறுபடி ஆடப்படுவதில்லை. நன்கு அறிந்த சில விளையாட்டுகளை வைத்துப் பார்ப்போம்.

கணினிக்கு முன்பே நம்மிடம் பல்லாங்குழி இருந்தது. வழக்கமான பலகையில் பக்கத்துக்கு ஏழாக 14 குழிகள். நம் மலாய் அண்டை வீட்டாரின் சொங்காக்கில் அதோடு இரண்டு பெரிய குழிகளும் உண்டு. தாயக்கட்டை கிடையாது, அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. எல்லாக் காய்களும் கண்முன் கிடக்கின்றன. தொடக்கமும் எப்போதும் ஒன்றுதான். அப்படியும் இரண்டு ஆட்டங்கள் ஒரே மாதிரி போவதில்லை, எதிரே உட்கார்ந்திருப்பவர் வேறு வேறு முடிவு எடுப்பதால். எதிராளி இல்லாத கணினி விளையாட்டில் அந்தப் புதுமையைக் கணினியே தர வேண்டியிருக்கிறது. 1984இல் சோவியத் யூனியனில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸில் இருப்பவை ஏழே வடிவங்கள். அடுத்து எது விழும் என்று மட்டும் தெரியாது. 1992இல் விண்டோஸ் 3.1 உடன் வந்த கண்ணிவெடி விளையாட்டும் இந்த வகைதான். ஒவ்வொரு தடவையும் வெடிகள் இடம் மாறியிருக்கும். இந்த விளையாட்டுகளில் மறுமுறை என்றாலே புது முறைதான். நேற்றைய ஆட்டம் எனக்கு அனுபவத்தைத் தரும், விடையைத் தராது.

இரண்டாவது வகைக்கு 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' நல்ல எடுத்துக்காட்டு. ஜோர்டன் மெக்னர் உருவாக்கி 1989இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்தது. அரண்மனை மாறாது, பொறிகள் மாறாது, எந்தக் கதவுக்குப் பின்னால் வாள்வீரன் நிற்கிறான் என்பதும் மாறாது. கொடுக்கப்பட்ட நேரம் 60 நிமிடம். செத்தால் அந்தக் கட்டத்தை மறுபடி தொடங்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. முதல் நாள் இரண்டு கட்டம் தாண்டவே மூச்சு வாங்கும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தாண்டலாம். இங்கே மாறுவது ஆடுபவரின் கை. வீணையில் ஒரே கீர்த்தனையைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகுவது போல.

மூன்றாவது வகை கொஞ்சம் விசித்திரமானது. டோபி ஃபாக்ஸ் 2015இல் வெளியிட்ட 'அண்டர்டேல்' விளையாட்டில், எதிர்ப்படும் எவரையும் கொல்லாமலே கடைசிவரை போகலாம். எல்லாரையும் கொன்றும் போகலாம். எல்லாரையும் கொன்று முடித்தவர், "சரி, இந்தத் தடவை நல்லவனாக இருப்போம்" என்று மறுபடி தொடங்கினால், விளையாட்டு முதலில் நடந்ததை மறப்பதில்லை. நல்ல வழியில் போய் முடித்தாலும் அந்த முடிவில் பழைய கறை தெரியும். இங்கே ஆடுபவருக்கு மட்டுமன்றி விளையாட்டுக்கும் நினைவு இருக்கிறது.

இவற்றிலிருந்து ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். எந்த விளையாட்டானாலும் கேட்க வேண்டியது இதுதான்: முதல்முறை ஆடியபோது எனக்குத் தெரிந்துவிட்டதே, அது இரண்டாம் முறையில் எங்கே போய் வேலை செய்கிறது? டெட்ரிஸில் அது உத்தியாக வேலை செய்கிறது. பிரின்ஸில் கையின் வேகமாக. அண்டர்டேலில் விளையாட்டின் நினைவாக. எங்குமே வேலை செய்யவில்லை என்றால் அந்த விளையாட்டு ஒருமுறைக்குத்தான். எத்தனை முடிவுகள் வைத்திருந்தாலும், எத்தனை மணி நேரம் நீண்டாலும் சரி.

வெண்பாவின் இரண்டாம் முறை

இந்த அளவுகோலை வெண்பா மீது வைத்தால் முதலில் கிடைப்பது ஏமாற்றம். ஆட்டக்களம் மாறுவதில்லை. கைக்குப் பெரிய பயிற்சியும் இல்லை. தப்பாகச் சமைத்தால் விளையாட்டு தண்டிப்பதில்லை, அந்த இடத்தை மறுபடி செய்யச் சொல்லும், அவ்வளவுதான். நாம் சொன்ன பதில்களால் கதையின் போக்கும் மாறுவதில்லை. அப்படியானால் இரண்டாம் முறையில் என்னதான் இருக்கிறது?

இருப்பது, நாம் முடிவு தெரிந்தவராக உள்ளே நுழைவதுதான். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இந்த விளையாட்டு அதற்கென்றே கட்டப்பட்டது போல் எனக்குத் தோன்றுகிறது. மூன்று இடங்களைக் காட்டுகிறேன்.

முதலாவது, சமையல் ஏடு. முதல்முறை ஆடும்போது அது ஒரு புதிர்ப் பலகை. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஒழுங்காகப் போகும் என்பது அழிந்துபோன இடத்தில் இருக்கிறது. கண்டுபிடித்தால் சந்தோஷம், அடுத்ததுக்குப் போகிறோம். அழிந்த எழுத்து நமக்கு வெறும் தடை. பிற்பகுதியில் ஆட்டம் கை மாறுகிறது: வளர்ந்துவிட்ட கவினாக நாம் சமைக்க வேண்டும். இப்போது ஏட்டில் எழுத்து இருந்தாலும் பயனில்லை. அவனுடைய தமிழ் அரைகுறை. பாட்டி எழுதியதை அவனால் முழுதாகப் புரிந்துகொள்ள முடியவில்லை. தாளில் விழுந்த ஓட்டையைவிட மொழியில் விழுந்த ஓட்டை பெரிது என்று விளையாட்டு வாய்விட்டுச் சொல்லவில்லை. நம்மை அவன் இடத்தில் உட்காரவைத்துத் திணறவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பினால், வெண்பா சிரமமில்லாமல் ஊகித்து நிரப்பும் ஒவ்வொரு இடமும் வேறு மாதிரி தெரியும். அவளால் முடிந்ததற்குக் காரணம் புதிர் சுலபம் என்பதில்லை. அந்த அடுப்பங்கரையின் மொழி அவளுக்குள் இருந்தது. முதல் தடவை நாமும் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போனோம். நம் தமிழைப் போலவே அதுவும் இலவசமாகக் கிடைத்திருந்தது.

இரண்டாவது, சிறுவன் கவினின் பதில்கள். அம்மா தமிழில் கேட்கிறாள், பையன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான், அம்மா "தமிழில் பேசு" என்கிறாள். புட்டு செய்யும் அவசரத்தில் முதல்முறை இதைப் பார்க்கும்போது, எந்த வீட்டிலும் நடக்கிற குறும்பு என்று விட்டுவிடுவோம். நம் வீட்டிலும் நடப்பதுதானே! இரண்டாம் முறை அதே வரியில் மனம் நின்றுவிடும். பின்னால் வரப்போகும் தூரத்தின் முதல் அடி அது என்று நமக்குத் தெரிந்துவிட்டது, வெண்பாவுக்குத் தெரியாது. பார்வையாளருக்குத் தெரிந்த ஒன்று பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பது நாடகத்தில் பழைய உத்தி. இங்கே அந்த உத்தி முதல்முறையில் கிடையாது. இரண்டாம் முறையில்தான் பிறக்கிறது.

மூன்றாவது, வானொலி. சமைக்கும்போது பாட்டு ஓடும். விளையாட்டுக்கென்றே இயற்றிய பாட்டுகள். அந்தந்தக் காலத் தமிழ்த் திரைப்பாட்டின் சாயலில் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் மாறும். முதல்முறை புதிரில் கவனம் இருக்கும், பாட்டு பின்னால் எங்கோ ஒலிக்கும். விடை தெரிந்தபின் கை தானாக வேலை செய்யும், காது சும்மா இருக்கும். ஆண்டுகள் ஓடுவதை நாள்காட்டியைவிட அந்த இசைதான் சொல்லிக்கொண்டிருந்தது என்பது அப்போது புரியும். நம் வீடுகளில் அம்மாமார் வானொலியைப் போட்டுவிட்டுச் சமைக்கும் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள்; பாட்டு முடிவதற்குள் குழம்பு கொதித்துவிடும் என்று கணக்கு வைத்திருப்பார்கள். இரண்டாம் முறையில் நமக்கும் அப்படி ஒரு பழக்கம் வந்துவிடுகிறது.

ஆக, புதிர் செத்துப்போவதுதான் இங்கே வழிவிடுகிறது. விடை தெரியாதவரை விடையைத் தேடுவோம். தெரிந்தபின்தான் மனிதர்களைப் பார்க்கத் தொடங்குவோம். கதைச்சுருக்கம் தெரிந்த நாவலை மறுபடி படிக்கும்போது நடப்பதும் இதேதான்.

எங்கே தொய்கிறது

குறையும் சொல்லியாக வேண்டும்; சொல்லாவிட்டால் அது திறனாய்வு ஆகாது, வாழ்த்துப்பா ஆகிவிடும்.

பெரிய குறை, பதில் தேர்வு செய்யும் இடங்கள். பாவலனிடம் வெண்பா என்ன சொல்லலாம், மகனிடம் எப்படிப் பேசலாம் என்று விளையாட்டு நம்மைக் கேட்கிறது. முதல்முறை ரொம்ப யோசித்துத் தேர்ந்தெடுப்போம். இரண்டாம் முறை வேறு பதிலைத் தொட்டுப் பார்த்தால் கதை பெரும்பாலும் அதே வழியில்தான் போகிறது. "அப்படியானால் எதற்குக் கேட்டாய்?" என்ற கோபம் வரும். புலம்பெயர்ந்தவர் வாழ்க்கையில் தேர்வே இல்லை என்பதைக் காட்டத்தான் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று சிலர் வாதாடலாம். எனக்கு அது ஒட்டவில்லை. பாதை மாறாவிட்டால் பரவாயில்லை. பத்து வருடம் கழித்துக் கவின், "அன்றைக்கு நீ இப்படிச் சொன்னாயே அம்மா" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், நம் தேர்வுக்கு உயிர் வந்திருக்கும். அண்டர்டேல் செய்ததில் நூற்றில் ஒரு பங்கு நினைவு இங்கே இருந்திருந்தால், வெண்பாவை மூன்றாம் முறையும் எடுத்திருக்கலாம்.

இன்னொன்று, சமையலில் ருசிக்கு இடமில்லை. ஏட்டின் வரிசைப்படி செய்தால் சரி, இல்லையென்றால் தப்பு. உப்பைக் கூட்டவோ குறைக்கவோ, தேங்காயைக் கொஞ்சம் தாராளமாகப் போடவோ வழி இல்லை. நம் அடுப்பங்கரை அப்படியா இயங்குகிறது? "கண் அளவு, கை அளவு" என்பதுதான் நம் அம்மாக்களின் பாடநூல். ஒரே சாம்பார் தண்ணீர்மலைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு மாதிரி, பட்டர்வொர்த்தில் ஒரு மாதிரி இருக்கும். அந்தச் சுதந்திரத்தைக் கொஞ்சம் கொடுத்திருந்தால் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில் கை தேறுவது போல இங்கே கைமணமும் தேறியிருக்கும். அது இல்லாததால், இரண்டாம் முறையில் சமையல் வெறும் சடங்காகிவிடுகிறது. மனம் உரையாடலில் இருப்பதால் அந்தச் சடங்கு உறுத்தவில்லை. மூன்றாம் முறை கட்டாயம் உறுத்தும்.

என் முடிவு: வெண்பா இரண்டு முறை ஆட வேண்டிய விளையாட்டு. ஒருமுறையோடு விட்டவர் பாதியைத்தான் பார்த்திருக்கிறார். உடனே மூன்றாம் முறை தேவையில்லை. சில வருடம் கழித்து, வேறு வயதில், வேறு ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடலாம். மகளாக ஆடியவர் தாயாக ஆடும்போது, விளையாட்டில் ஓர் எழுத்தும் மாறாமலே விளையாட்டு மாறியிருக்கும்.

நமக்கு இதில் என்ன?

1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதைத்தான் மலேசியத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொண்டாடுகிறோம். இன்று பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆனால் ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தமிழ் பயிற்றுமொழியாக இல்லை. ஒரு பாடம் மட்டும். சில பள்ளிகளில் அது கால அட்டவணைக்கு வெளியே, மற்ற மாணவர்கள் வீட்டுக்குப் போனபின் நடக்கும் பாடம். "எஸ்.பி.எம்.முக்குத் தமிழ் எடுக்கணுமா?" என்ற கேள்வி ஒவ்வொரு வருடமும் படிவம் 4இல் வருகிறது. அந்தக் கேள்விக்கு நாம் தரும் பதில்கள் பெரும்பாலும் பெரிய பதில்கள்: இனம், பண்பாடு, தொன்மை. பதினாறு வயதுக்கு அவை எட்டுவதில்லை.

வெண்பா அதே கேள்விக்குச் சின்னப் பதில் ஒன்று தருகிறது. உன் பாட்டி கைப்பட எழுதிய ஒரு தாள் உன் கையில் இருக்கும்; அதில் இருப்பது உனக்குப் புரியுமா, புரியாதா? அவ்வளவுதான். கவின் ஒருநாள் காலையில் எழுந்து "இனி தமிழ் வேண்டாம்" என்று முடிவெடுக்கவில்லை. ஒவ்வொரு பதிலாக, ஒவ்வொரு சோம்பலாக அது நழுவியது. லெபோ பசாரில் தமிழ்க் கடைப்பலகைகளுக்குக் கீழே நடக்கும் நம் பிள்ளைகளுக்கு டொராண்டோ ரொம்பத் தூரம்தான். நம்மிடம் கோயில் உண்டு, தைப்பூசம் உண்டு, பள்ளி உண்டு, வானொலியும் உண்டு. கவினுக்குக் கிடைக்காத இத்தனையும் இருந்தும் அதே பதில்கள் நம் வீட்டிலும் கேட்கின்றன என்பதுதான் யோசிக்க வேண்டியது. முதல்முறை ஆடும் மாணவர் கவினைக் குறை சொல்வார். இரண்டாம் முறை ஆடும்போது, தன் வீட்டில் கேட்ட பதிலையே திரையில் பார்ப்பதாக அவருக்கே தோன்றும். அந்த இடத்துக்கு அவர் தானாக வந்து சேர வேண்டும். நாம் அறிவுரை சொல்லி அழைத்துவர முடியாது.

வகுப்பில் பயன்படுத்த

ஆசிரியர்களே, இதற்குக் கணினிக்கூடம் முழுவதும் தேவையில்லை. ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர் போதும். ஒருவர் ஆட, மற்றவர்கள் பார்த்து வழி சொல்லட்டும். பல்லாங்குழியைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் காய் எண்ணிச் சொல்வது போல.

முதல்முறை ஆடி முடித்ததும் கதைச்சுருக்கமும் கருப்பொருளும் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து முதல் இரண்டு அத்தியாயங்களை மட்டும் மறுபடி ஆடுங்கள். இந்தத் தடவை ஒரே வேலை: முதலில் கவனிக்காமல் விட்டு, இப்போது பொருள் மாறித் தெரியும் மூன்று இடங்களைக் குறிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் "முன்பு இப்படி நினைத்தேன், இப்போது இப்படித் தோன்றுகிறது, காரணம் இது" என்று மூன்று வாக்கியம். பின்னர் நீங்கள் வகுப்பில் நடத்தும் நாவலின் முதல் அத்தியாயத்தை எடுத்து அதே பயிற்சியைச் செய்யச் சொல்லுங்கள். வழிகாட்டி நூலில் கிடைக்காத விடைகள் வரத் தொடங்கும். சில விடைகள் தப்பாகவும் இருக்கும். இருக்கட்டும், அவை அவர்களே யோசித்தவை.

நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்களே, எஸ்.டி.பி.எம். மாணவர்களே, உங்களுக்கு ஒரு குறிப்பு. திறனாய்வுக் கேள்விக்கு விடை எழுதும்போது "இப்படைப்பு மீண்டும் மீண்டும் படிக்கத் தூண்டுகிறது" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிடுகிறீர்கள். தாள் திருத்துபவருக்கு அந்த வாக்கியம் ஒன்றையும் சொல்வதில்லை. எந்த இடம், முதல் வாசிப்பில் அது என்ன பொருள் தந்தது, முடிவு தெரிந்தபின் என்ன பொருள் தருகிறது, அந்த மாற்றத்தை ஆசிரியர் எந்த உத்தியால் செய்தார் என்று நான்கையும் எழுதுங்கள். பின்னோக்கு உத்தி, முன்னுணர்த்தல், நோக்குநிலை மாற்றம் என்று பாடத்தில் படித்த சொற்களுக்கெல்லாம் அங்கேதான் வேலை. வெண்பாவில் நோக்குநிலை தாயிடமிருந்து மகனுக்கு மாறுகிறது. அதை விளக்கத் தெரிந்தவர், பாடநாவலிலும் எங்கே மாறுகிறது என்று தேடத் தொடங்குவார்.

குறையையும் எழுதத் தயங்காதீர்கள். ஒரு படைப்பு ஏன் மூன்றாம் முறைக்குத் தாங்காது என்று ஆதாரத்தோடு சொல்ல முடிந்தால், அதை எத்தனை கூர்மையாகப் படித்திருக்கிறீர்கள் என்பது திருத்துபவருக்குத் தெரிந்துவிடும். வெறும் பாராட்டில் அது தெரியாது.

விளையாட்டு கிடைக்காதவர்கள் இந்தப் பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம். பாட்டியிடமோ அம்மாவிடமோ ஒரு பதார்த்தத்தின் செய்முறையைத் தமிழில் எழுதி வாங்குங்கள். அவர்கள் சொல்லாமல் விட்டது எது, எழுதியும் உங்களுக்குப் புரியாத சொல் எது என்று இரண்டு பட்டியல் போடுங்கள். இரண்டாவது பட்டியலை அடுத்த தமிழ் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.